கேள்வியும் கைப்பேச்சும்: காதுகேளாத வளரிளம் பருவத்தார் கல்வியில் குடும்பத்தின் பங்கு

தமிழில் 'கேள்வி' என்ற சொல் வினாவையும் குறிக்கும், பிறர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவையும் குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டு, நூல் கல்லாதவனும் கேட்டாவது அறிவு பெறலாம் என்று வற்புறுத்துகிறது. அந்த அறிவுரைக்கு அடியில் சொல்லப்படாத ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது: கேட்பவனின் காது திறந்திருக்கும் என்பதே அது. காது கேட்கும் ஒரு பிள்ளை, யாரும் உட்கார்ந்து கற்பிக்காமலேயே, அரிசி விலை ஏறியதையும், பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றதன் காரணத்தையும், வாங்கிய கடனுக்கு வட்டி என்ன என்பதையும், அடுத்த அறையில் நடக்கும் பேச்சிலிருந்து அறிந்துகொள்கிறது. கல்வியாளர்கள் இதைத் தற்செயற் கற்றல் என்பர். கற்பிக்கும் நோக்கம் எவருக்கும் இல்லாமல், காதில் விழுவதால் மட்டுமே சேரும் அறிவு என்பது அதன் பொருள். காதுகேளாத பதின்ம வயதினர் பள்ளியில் பின்தங்கும்போது பாடநூலையும் ஆசிரியரையும் காரணம் காட்டுவது வழக்கம். பாடநூலுக்கு வெளியே, வீட்டுக்குள் நாள்தோறும் நழுவிப் போகும் இந்தக் கேள்வியறிவின் கணக்கை எவரும் எடுப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலியின் அலைவரிசைகளில் இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்புத்திறன் இழந்தவரைக் காதுகேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு; இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் நிகழ்வதால், சட்டத்தின் வரையறைக்குள் வரும் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு ஏறக்குறைய முழுவதும் எட்டாமல் போகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்புக் குறைபாடு உடையோர் 50 லட்சத்தைத் தாண்டினர். எண்ணிக்கையைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் மிட்செல், கார்ச்மர் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, காதுகேளாத பிள்ளைகளில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். பிற சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகள் தம் மொழியைத் தாய்மடியில் பெறுகிறார்கள். காதுகேளாத பிள்ளைக்குத் தாய்மடியில் அன்பு கிடைக்கிறது, மொழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியை வைத்தே குடும்பத்தின் பங்கை அளக்க வேண்டும். பள்ளிக் கூட்டத்திற்கு வந்தாரா, முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட்டாரா என்பவை அதற்குப் பிறகு வருபவை.

அந்தப் பங்கு எத்தகைய சூழலில் நிகழ வேண்டியிருக்கிறது என்பதை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும் முன்னர்த் தனி நகராட்சியாக இருந்த '15 வேலம்பாளையம்', பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தை அடுத்து, பனியன் கம்பெனிகளும் அவற்றை நம்பிய குடியிருப்புகளும் நெருங்கிய பகுதி. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் பின்னலாடைத் தொழிலின் அன்றாடம் இங்கே ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. காலை 8.30க்குத் தொடங்கி மாலை 5.30க்கு முடிவது ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேற வேண்டிய வாரங்களில் ஒன்றரையும் போதாமல் இரண்டாகும். தந்தை துணி வெட்டும் கட்டிங்கிலோ தைக்கும் பவர்டேபிளிலோ, தாய் சரிபார்க்கும் செக்கிங்கிலோ மடித்துக் கொடுக்கும் கைமடியிலோ இருக்கும் வீட்டில், பள்ளி திறந்திருக்கும் நேரமும் பெற்றோர் ஓய்ந்திருக்கும் நேரமும் வாரத்தில் ஆறு நாள் சந்திப்பதே இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறைகளில் எழும் குறையில் பாதி, உண்மையில் கடிகாரத்தின் மேல் சொல்ல வேண்டிய குறை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கு, பள்ளிக்குப் போய் வரும் அரை நாள் என்பது சனிக்கிழமைச் சம்பளக் கவரில் உடனே தெரியும் பள்ளம்.

இதே தொழிற்கூடத்தில், எதிர்பாராத ஒரு வளமும் கிடக்கிறது. ஓவர்லாக் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் நான்கு இயந்திரம் தள்ளி இருப்பவரைக் கூப்பிட்டுப் பேச முடியாது. ஆகவே நூல் தீர்ந்தது, சூப்பர்வைசர் வருகிறார், டீ வந்துவிட்டது, துணியில் ஓட்டை என்பவற்றைக் கையாலும் கண்ணாலும் முகத்தாலும் சொல்லிக்கொள்ளும் பழக்கம் தானாக உருவாகிறது. பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் இது இன்னும் அதிகம். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில், தறியின் இரைச்சலுக்கு நடுவே நெசவாளர்கள் உதட்டசைவை மிகைப்படுத்தியும் சைகை சேர்த்தும் பேசிய முறைக்கு 'மீ-மாயிங்' என்று பெயரே இருந்தது. இரைச்சல் மிகுந்த இடத்தில் காது கேட்பவரும் காதுகேளாதவரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். காதுகேளாத தையல் தொழிலாளிகள் பின்னலாடைக் கூடங்களில் பிறருக்குச் சற்றும் குறையாமல் வேலை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனியில் பகலெல்லாம் கையால் பேசிய தாய், வீட்டுக்கு வந்து காதுகேளாத மகனிடம் கையால் பேசக் கூசுவாள் என்றால், அந்தக் கூச்சத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்வி எழுகிறது.

விடையின் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்து, பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கப் பரிந்துரைத்தது. 1885இல் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும் 1897இல் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையிலும் காதுகேளாதோர் பள்ளிகள் தொடங்கிய காலம் மிலானின் நிழல் உலகெங்கும் விழுந்திருந்த காலம். கையை அசைத்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்னும் எச்சரிக்கை பெற்றோருக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டது. அந்த மாநாட்டின் வழிவந்த பன்னாட்டு மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டு கழித்து வந்த வருத்தம் மாநாட்டு அறிக்கையில் பதிவாயிற்று. எச்சரிக்கை மட்டும் வீடுகளில் இன்னும் புழங்குகிறது.

மொழி தராத வீடு ஊமையாக இருந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதுகேளாத பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் சில பத்துச் சைகைகள் தாமாக முளைக்கின்றன. மீசையைத் தொட்டால் அப்பா, மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா, கையை வாயருகே குவித்தால் சோறு. ஆய்வாளர்கள் இவற்றை வீட்டுச் சைகை என்பர். ஒரு குடும்பத்திற்குள் மட்டும் விளங்கும் தனிக் குறிகள் என்பது பொருள். (இந்தியச் சைகை மொழியில் ஆணுக்கு மீசையும் பெண்ணுக்கு மூக்குத்தியும் அடையாளமாக நிற்பதைப் பார்த்தால், அந்த மொழி இத்தகைய வீடுகளிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றும்.) வீட்டுச் சைகையால் 'சாப்பிடு', 'வா', 'தூங்கு', 'கூடாது' எனலாம், 'ஏன் கூடாது' என்பதை விளக்க இயலாது. 'நாளை மறுநாள்', 'ஒருவேளை', 'அவள் அப்படி நினைத்துக்கொண்டாள்' போன்றவற்றுக்கும் அதில் இடமில்லை. ஆகவே அவ்வீடுகளில் பேச்சின் பெரும்பகுதி ஏவலாகவே நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பீட்டர்சன், சீகல் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் தம்மிலிருந்து வேறுபட்டு எண்ணக்கூடும், தவறாகவும் எண்ணக்கூடும் என்று ஊகித்தறியும் ஆற்றல் இத்தகைய பிள்ளைகளிடம் காலந்தாழ்ந்து உருவாவதைக் காட்டியது. சைகை மொழியைச் சரளமாகக் கையாளும் வீட்டில் பிறந்த காதுகேளாத பிள்ளைகளிடம் இந்தத் தாமதம் காணப்படவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. காது கேளாமை அன்று, உரையாடல் இல்லாமையே குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்ற எண்ணம் பெற்றோரிடம் மிகுதி. தமிழ் அதற்கு எளிதாக இடங்கொடுப்பதில்லை. ப, ம இரண்டும் உதடு ஒட்டிப் பிறப்பதால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ட, ண, ள, ழ ஆகியவை நாக்கு உள்ளே மடிந்து பிறப்பதால் பெரும்பாலும் தெரிவதே இல்லை. 'பாடம்' என்பதும் 'மாடம்' என்பதும் உதட்டில் ஒன்று. 'பணம்', 'மணம்' இரண்டும் ஒன்று. (பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கும்போது இந்த இரண்டாவது மயக்கம் சிறியதன்று.) இதற்கு மேல் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு வேறு. பாடநூலில் 'சென்றுகொண்டிருக்கிறாள்' என்று படித்த மாணவிக்கு, தாயின் உதட்டில் வரும் 'போயிட்டு இருக்கறா' புதிய மொழி. 'அக்காவுக்கு', 'அக்காவிடம்', 'அக்காவோடு' என்னும் வேற்றுமை உருபுகள் சொல்லின் வாலில் மெலிந்து ஒலிப்பதால் உதட்டிலிருந்து நழுவுகின்றன. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் அவையே தவறாகத் திரும்பி வருகின்றன. இந்தியச் சைகை மொழி பெற்றோர் கற்பதற்கு இதைவிட அருகில் உள்ளது. அதில் வினாச்சொல் தொடரின் இறுதியில் வரும். 'உன் பேர் என்ன' என்று நாள்தோறும் சொல்லும் தமிழ்த் தாய்க்கு அந்த வரிசை புதிதன்று. முகக்குறிப்பும் புருவ அசைவும் அங்கே இலக்கணத்தின் பகுதி. அவற்றில் கொங்கு நாட்டுத் தாய்மாருக்குப் பயிற்சி குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்.

சிறு வயதில் குடும்பம் ஈடுபட்டால் என்ன நடக்கும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. 1942இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லூயிஸ் டிரேசி என்ற தாய் தொடங்கிய நிலையம், உலகெங்கும் உள்ள பெற்றோருக்கு அஞ்சல்வழிப் பாடங்களை இலவசமாக அனுப்பியது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு தாயையும் வகுப்பில் உட்காரவைத்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. மேரி பாட் மொல்லர் 2000ஆம் ஆண்டில் 112 பிள்ளைகளை ஆராய்ந்து, ஐந்து வயதில் அவர்கள் பெற்றிருந்த சொல்வளத்தை விளக்கும் காரணங்களில் குடும்ப ஈடுபாடே முதன்மையானது என்றும், பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட வயது அதற்கு அடுத்தது என்றும் நிறுவினார். அரசின் முயற்சிகளும் இப்பருவத்தையே மிகுதியும் நோக்குகின்றன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையங்களும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழி ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குச் செய்யப்படும் காக்ளியர் கருவி அறுவையும் (உட்காதில் மின்முனைகளைப் பொருத்தி நரம்பைத் தூண்டும் முறை) அவ்வகை. பதின்மூன்று வயதில் வேலம்பாளையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இவற்றில் பெரும்பாலானவற்றின் கதவு முன்பே அடைபட்டுவிட்டது. சிறு பிள்ளையின் தாயை வகுப்பில் உட்காரவைக்க வேண்டும் என்று கண்ட கல்வித்துறை, பதின்ம வயதுப் பிள்ளையின் தாய்க்கு எந்த வகுப்பையும் வைத்திருக்கவில்லை.

அந்தத் தாய்க்குத்தான் சொல்ல வேண்டியவை அதிகம். பெண் பூப்படையும்போது கொங்கு வட்டாரத்தில் நடக்கும் திரட்டிச் சீரை எடுத்துக்கொள்ளலாம். தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிறார், பெண்ணுக்குப் பட்டுடுத்தி நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள், சொந்தமெல்லாம் வந்து பார்த்துப் போகிறது. தன் உடலில் நடந்தது என்ன, அது மாதந்தோறும் வருமா, நோயா, தண்டனையா என்பதை அவளிடம் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஏனெனில் அதைச் சொல்ல அவ்வீட்டில் மொழி இல்லை. தொடுதலில் எது தகும், எது தகாது என்பதும், நேர்ந்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் இதே வெற்றிடத்தில் விழுகின்றன. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துப் பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய வழி தருகிறது. பிள்ளையிடம் சொல்வதற்கு ஒரு மொழி இருந்தால்தான் அவ்வழி பயன்படும்.

விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு வகைச் சிக்கல். விடுதி வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் மூத்த மாணவரிடமிருந்து சைகை மொழியைக் கற்று, கதையும் கேலியும் சண்டையும் வாதமும் அம்மொழியில் நடத்திப் பழகிய பிள்ளை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் வீட்டுக்கு வரும்போது, பேச ஆளில்லாத ஊருக்கு வருகிறது. எல்லாரும் சிரிக்கும்போது 'என்ன' என்று கையை விரித்தால், 'அப்புறம் சொல்றேன்' என்ற பொருளில் ஒரு கையசைப்பு வருகிறது. அந்த அப்புறம் வருவதில்லை. பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் பகலில் கூட இருக்கும் அமுச்சியோடுதான் (பாட்டி) பல பிள்ளைகள் அதிகம் உரையாடுகின்றன என்பது வியப்பில்லை, அவருக்கு நேரம் இருக்கிறது. சைகையை முதலில் கற்பவர்கள் பெரும்பாலும் தம்பி தங்கைகளே. பத்து வயதுத் தங்கை, அண்ணனின் வகுப்பாசிரியருக்கும் தாய்க்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பதும், அண்ணனுக்குச் சங்கடமான செய்திகளைத் தன் வயதுக்குத் தெரிந்தவரை குறைத்துச் சொல்வதும், பள்ளிகள் கண்டும் காணாமல் விடும் ஏற்பாடு.

பதினான்கு வயது நிறைவு இந்தக் கதையில் ஒரு முச்சந்தி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காவல் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. இந்த நான்கு ஆண்டு நீட்டிப்பைப் பற்றி அறிந்த பெற்றோர் குறைவு. மறுபுறம், அதே 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயதினரை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குவதால், பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் போகலாம் என்ற எண்ணம் வீட்டில் நுழைகிறது. காதுகேளாத மகனின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் பெற்றோருக்குக் கூடுதலாக இருப்பதால், சீக்கிரம் ஒரு தொழிலில் நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரமும் கூடுதலாக இருக்கிறது. அது பேராசையால் வரும் அவசரமன்று. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன இருக்கிறது என்பதை எவரும் காட்டாத வீட்டில் அதுவே அறிவுடைமையாகத் தோன்றும். சென்னை மாநிலக் கல்லூரியில் காதுகேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடைபெறுகின்றன, அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் 1 விழுக்காடு கேட்புக் குறைபாடுடையோருக்கு உண்டு. இவற்றைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது பள்ளியின் வேலை. சொன்னதைப் பிள்ளையோடு உட்கார்ந்து கலந்து முடிவெடுப்பது வீட்டின் வேலை. கலந்து பேசும் மொழி இல்லாத வீட்டில் முடிவு பிள்ளையின் தலைக்கு மேலேயே எடுக்கப்பட்டுவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரத்தையும், எழுத்தர் வசதியையும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கையும் வழங்குகிறது. மொழிப்பாட விலக்கு பெரிய உதவி என்று பெற்றோர் மகிழ்வது இயல்பு. அது மதிப்பெண்ணுக்கு உதவி, மொழிக்கு அன்று. ஒரு மொழியே இன்னும் முழுதாகக் கைவராத பிள்ளைக்கு இன்னொன்றை விலக்கித் தருவதோடு கடமை முடிந்ததாகப் பள்ளியும் வீடும் கருதிவிடும் ஆபத்து அதில் உள்ளது.

சைகை மொழியைப் பெற்றோர் கற்க இப்போது பொருள் பஞ்சமில்லை. 2015இல் டெல்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட காணொளி அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. அது செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனால் அகராதியைப் பார்த்து எந்த மொழியையும் எவரும் பேசக் கற்றதில்லை, உடனிருந்து திருத்தும் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலம்பாளையத்தின் கம்பெனிகளிலேயே இருக்கிறார். பவர்டேபிளில் உட்கார்ந்திருக்கும் காதுகேளாத டெய்லர், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் நண்பரோடு மணிக்கணக்கில் கையால் உரையாடுபவர், வாடகையும் சீட்டும் கட்டி வீடு நடத்துபவர், பெற்றோர் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய முதல் ஆசிரியர். தம் பிள்ளை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு விடையாகவும் அவர் அவர்கள் முன் நிற்பார்.

பெற்றோர் கூட்டம் பள்ளி நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதியைக் கைவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில், பள்ளியிலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ, அத்தகைய ஒருவரை ஆசிரியராக அமர்த்திப் பெற்றோருக்கும் அமுச்சிக்கும் தம்பி தங்கைக்கும் சேர்த்து வகுப்பெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பதின்ம வயதுப் பிள்ளை அவ்வகுப்பில் மாணவராக இல்லாமல் துணையாசிரியராக இருக்கலாம். வீட்டில் ஒரு விஷயத்திலாவது அவரே மூத்தவர் ஆகும் அனுபவம் அந்த வயதுக்கு மருந்து. செலவு என்று பார்த்தால், ஆசிரியராக வரும் தொழிலாளிக்கு அரை ஷிப்ட் கூலி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர இலாபம் 5 கோடி ரூபாயையோ விற்றுமுதல் 1,000 கோடியையோ நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டும் நிறுவனங்களை முந்தைய மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சிறப்புக் கல்வி அப்பட்டியலில் உள்ளது. திருப்பூரின் சிறு கம்பெனிகளில் பல கூட்டு நிறுவனங்களாகவும் தனியுரிமை நிறுவனங்களாகவும் இருப்பதால் அச்சட்டத்துக்குள் வருவதில்லை என்பது உண்மை. அந்த அளவை எட்டும் ஏற்றுமதி நிறுவனங்கள் இருப்பதும் உண்மை. அவற்றுக்கு வாரம் ஓர் அரை ஷிப்ட் கூலி, வெட்டிய துணியில் ஒதுக்கும் வேஸ்ட் அளவுக்குக்கூட வராது.